வாசல் சருகு

மாசி பிறந்து பனி விலகியதும் ஏதாவது ஓர் இரவில் சேலத்து மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலைச்சரிவில் நெருப்புக் கோடு ஒன்று நெளிந்து ஏறுவது தெரியும். பார்ப்பவர் "மலைக்குத் தீ வெச்சுட்டாங்க" என்பார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் படுக்கப் போவார். நாமக்கல் பக்கம் கொல்லிமலை, போதமலை, நைனாமலை ஓரத்து ஊர்களிலும் இதே காட்சிதான், இதே பேச்சுதான்.

மொட்டைமாடிக்காரர் சொல்வது பெரும்பாலும் சரி. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பற்றும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். ஆனால் இந்தியக் காடுகளில் எரியும் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையிலிருந்து போனது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மழையில்லாத மின்னல் காட்டைக் கொளுத்துவது உண்டு. நம் ஊரில் மின்னல் பொதுவாகக் கோடை மழையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. தான் வைத்ததைத் தானே அணைத்துவிட்டுப் போகிறது. மீதிக்கு நாம் பொறுப்பு. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று ஆடுமாடு மேய்ப்பவர் வைப்பது, தேனெடுக்கப் போனவர் புகை மூட்டியது, காட்டோரப் பட்டா நிலத்தில் வரப்பைக் கொளுத்தியது, கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திப் பிரியாணி சமைத்தவர்கள் அணைக்காமல் போன அடுப்பு, காரின் கண்ணாடியை இறக்கி வீசிய சிகரெட் துண்டு.

யார் வைத்தார்கள் என்று துப்பறிவது வனத்துறையின் வேலை. எனக்கு இங்கே வேறொரு கேள்வி. சேலம் நகரம் வடக்கே நீண்டு கன்னங்குறிச்சியையும் கொண்டப்பநாயக்கன்பட்டியையும் தாண்டி மலையின் காலடியைத் தொட்டுவிட்டது. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களின் ஓரங்கள் மனைகளாகவும் விடுதிகளாகவும் பிரிந்து விற்கின்றன. கொல்லிமலையில் செம்மேடும் சோளக்காடும் சந்தை ஊர்களாக வளர்ந்து நிற்கின்றன. காடும் வீடும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்ளும் இந்த இடத்தில், மலைத்தீ இறங்கியோ ஏறியோ வந்தால் ஒரு வீடு எப்படிப் பற்றுகிறது? இதற்கு நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பதிலும் சரியான பதிலும் ஒன்றல்ல.

முதலில் நம் மலைகளில் எரிவது எந்த மாதிரித் தீ என்று பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் காட்டுத்தீ என்றதும் கலிஃபோர்னியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ மரத்தின் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவும் பிழம்பைக் காட்டுகிறார்கள். ஊசியிலைக் காட்டுக்கும் தைலமரக் காட்டுக்கும் அது பொருந்தும். சேர்வராயனின் கீழ்ச் சரிவுகளிலும் கொல்லிமலையின் அடிவாரத்திலும் இருப்பது இலையுதிர் காடும் முட்புதர்க் காடும். வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்த பிறகு மரங்கள் நீரைச் சேமிக்க இலையை உதிர்க்கின்றன. மாசி முடிவதற்குள் உச்சிக் கிளைகளில் எரிய எதுவும் இல்லை. எரியக்கூடியதெல்லாம் தரைக்கு வந்துவிட்டது. தரையை மூடிய சருகு, இடுப்பளவு மஞ்சம்புல், இடையிடையே உண்ணிச்செடிப் புதர். தீ அந்தத் தரையோடு ஓடுகிறது. புதர் இல்லாத இடத்தில் பிழம்பு பெரும்பாலும் இடுப்புயரம்தான். ஓர் இடத்தில் அது நின்று எரிவது ஒன்றிரண்டு நிமிடம். மரப்பட்டை கருகும், மரம் பெரும்பாலும் பிழைத்து மழைக்குத் துளிர்க்கும்.

புல்லும் சருகும் ஆபத்தானவை என்பதற்குக் காரணம் அவற்றின் மெலிவு. தீ ஆய்வாளர்கள் எரிபொருளைப் பருமனை வைத்துப் பிரிக்கிறார்கள். மெல்லிய புல் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொள்ள ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். கைத்தடிப் பருமன் சுள்ளிக்குப் பத்து மணி நேரம், தொடைப் பருமன் கட்டைக்கு ஆயிரம் மணி நேரம்வரை. அதனால் காலையில் பெய்த தூறலை நம்பி மாலையில் குப்பை கொளுத்துகிறவர் ஏமாந்துபோகிறார். கட்டை இன்னும் நனைந்திருக்கும். புல்லோ மதிய வெயிலில் பழையபடி காய்ந்திருக்கும்.

ஆக, நம் தீ அளவில் சின்னது, வேகத்தில் பெரியது. இந்தச் சின்னத் தீயால் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட வீட்டை எதுவும் செய்ய முடியாது என்றுதான் தோன்றும். அது பாதி உண்மை.

மீதிப் பாதியைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ஜாக் கோஹன். அமெரிக்க வனத்துறைக்கு மொன்டானா மாநிலம் மிசூலாவில் ஒரு தீ ஆய்வகம் உண்டு, அங்கே பணியாற்றியவர். எரிந்த ஊர்களைச் சுற்றி வந்து, காட்டுத்தீயின் பெரும்பிழம்பு வீட்டை விழுங்குகிறது என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். 1997 தொடங்கி கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில் பல நாட்டு ஆய்வாளர்கள் ஊசியிலைக் காட்டின் சில பாத்திகளைத் திட்டமிட்டே கொளுத்தினார்கள். உச்சிவரை எரியும் தீயைக் கிளப்புவதே நோக்கம். அந்தப் பாத்திகளின் எதிரே 10, 20, 30 மீட்டர் தூரத்தில் மரச்சுவர்களை நிறுத்திவைத்தார்கள். 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றிக்கொண்டன. 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. காரணம் எளிது: பெரும்பிழம்பின் அனல் ஓரிடத்தில் நிலைப்பது ஒரு நிமிடமளவுதான். மனிதத் தோல் கொப்பளிக்கச் சில விநாடி போதும். மரச்சுவர் தீப்பற்ற அதே அனல் நிமிடக்கணக்கில் விழுந்துகொண்டிருக்க வேண்டும். மனிதன் நிற்க முடியாத தூரத்தில் வீடு நிற்கும்.

அப்படியானால் எரிந்த ஊர்களில் வீடுகள் ஏன் எரிந்தன? 2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த தீயில் 85 பேர் இறந்தார்கள்; 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பின்னர் மேலிருந்து எடுத்த படங்களில் ஒரு விநோதம். வீடுகள் இருந்த இடத்தில் சாம்பல். அவற்றின் நடுவே பைன் மரங்கள் பச்சை மாறாமல் நிற்கின்றன. பிழம்பு மரம் வழியாக வந்திருந்தால் மரம் முதலில் போயிருக்கும். வந்தது தீப்பொறி. காற்று அள்ளி வந்த கங்குகள் மழைநீர்க் குழாயில் அடைந்த சருகிலும் திண்ணைக்கடியில் குவிந்த குப்பையிலும் பரண் காற்றுத்துளையிலும் விழுந்தன. முன்வாசலில் கிடந்த தென்னைநார் மிதியடி போதும், ஒரு வீட்டைக் கொளுத்த. ஒரு வீடு பற்றிய பிறகு காடு தேவையில்லை, வீடே அடுத்த வீட்டுக்கு விறகு.

தமிழ்நாட்டில் இது யாருக்கும் புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. ஓலைக்கூரைகளின் நாடு இது. அடுப்புப் பொறி ஒன்று பறந்து கீற்றில் விழ, தெருவே எரிந்த கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலறைத் தீ கூரைக்கீற்றுக்குப் போனதில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்றானது. 2010-இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கியது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிகளின் பழைய வீடுகள் மண்சுவரும் புல்கூரையும் கொண்டவை; அவற்றின் இடத்தில் இன்று ஓடும் சீட்டும் தார்சு என்னும் கான்கிரீட் கூரையும். காட்டுத்தீயிலிருந்து வீட்டைக் காக்கும் வேலையில் மிகப் பெரிய பங்கை, அந்த எண்ணமே இல்லாமல், வீட்டு வசதித் திட்டங்கள் செய்து முடித்துவிட்டன என்று தயங்காமல் சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஏழையின் வீட்டிலிருந்து இறங்கிய கூரை பணக்காரரின் விடுதியில் ஏறிக்கொண்டது. 'இயற்கையோடு தங்குங்கள்' என்று அழைக்கும் மலை விடுதிகளில் புல் வேய்ந்த குடில், மூங்கில் தட்டி, மரத்தளம், கீற்றுப் பந்தல் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றின் நடுவே இரவில் விருந்தினருக்காக விறகு கூட்டித் தீ மூட்டுவார்கள்.

இனி சரிவைப் பார்ப்போம். தீக்குச்சியைப் பற்றவைத்துத் தலையைக் கீழே சாய்த்தால் விரலைச் சுடும். நிமிர்த்திப் பிடித்தால் தயங்கி எரியும். மலைச்சரிவில் எரியும் புல்லுக்கும் இதே நிலைமை. சூடான காற்று மேலே எழுகிறது. பிழம்பு சரிவை ஒட்டிச் சாய்கிறது. மேலிருக்கும் புல் தீ வருமுன்பே காய்ந்து சூடேறிக் காத்திருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆலன் மெக்கார்தர் 1960-களில் ஒரு கணக்குச் சொன்னார்: சரிவு 10 பாகை கூடினால் மேலேறும் தீயின் வேகம் இரட்டிக்கும். 20 பாகைக்கு நான்கு மடங்கு, 30 பாகைக்கு எட்டு மடங்கு. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். இடையிலுள்ள சரிவில் 30 பாகை அரிதான எண் அல்ல.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது இந்தக் கணக்கின் கொடிய விளக்கம். சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து வந்து கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் புல்சரிவில் தீயின் நடுவே மாட்டிக்கொண்டன. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிந்தது பெரும்பாலும் புல்தான். புல்சரிவில் மேல்நோக்கி ஓடும் மனிதனைவிடத் தீ வேகமானது.

பகலில் வெயில் சரிவைச் சுடவைப்பதால் காற்றும் மேல்நோக்கி வீசுகிறது. இரவில் குளிர்ந்த காற்று கீழே வழிகிறது. அப்போது தீ மெதுவாக, எரிந்த கட்டைகள் உருண்டால் மட்டும் வேகமாக, கீழிறங்குகிறது. இதிலிருந்து ஒரு சங்கடமான முடிவு கிடைக்கிறது. அடிவாரத்தில் பகலில் தீ வைத்தவருக்கு அதனால் உடனடி ஆபத்து குறைவு. அது அவரை விட்டு விலகி ஏறுகிறது. ஆபத்து மேலே சரிவின் விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கட்டப்பட்ட வீட்டுக்கு. ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. கீழ் வளைவில் விழும் ஒரு சிகரெட்டுக்கு மேலே உள்ள ஒவ்வொரு வளைவும் வழியில் இருக்கிறது. சாலை ஒரு வெற்றுக் கோடாகத் தரைத்தீயைத் தடுத்து நிறுத்தவும் செய்கிறது, வரிசையாகத் தீவைக்கும் கையாகவும் இருக்கிறது. மனை விளம்பரங்களில் 'பள்ளத்தாக்குக் காட்சி' என்று கூடுதல் விலை போட்டு விற்கும் அதே விளிம்பைத்தான் தீ ஆய்வாளர் வேண்டாம் என்பார். விளிம்பிலிருந்து 15, 20 மீட்டர் உள்தள்ளிக் கட்டினாலே சாய்ந்து வரும் பிழம்பு தலைக்கு மேலே போய்விடும். காட்சி கொஞ்சம் குறையும்.

வீட்டுக்கே வருவோம். கோஹன் வீட்டையும் அதைச் சுற்றிய ஏறத்தாழ 30 மீட்டரையும் சேர்த்து ஒரே பொருளாகப் பார்க்கச் சொன்னார். தீ பிழைக்கவிடுவதும் கொல்வதும் அந்த வளையத்தில் முடிவாகிறது. காட்டின் உள்ளே எவ்வளவு எரிகிறது என்பது இரண்டாவது விஷயம். சுவரையொட்டிய ஒன்றரை மீட்டர் மிக முக்கியம். அங்கே எரியும் பொருள் எதுவும் கூடாது என்பது இன்று தீ ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் விதி. அதற்கு அப்பால் 10 மீட்டர் வரை இருப்பவை ஒன்றோடொன்று தொடாமல், தரைத்தீ தத்தித் தத்திப் பசியோடு சாகும்படி இருக்க வேண்டும். 30 மீட்டர் வரை புதரைக் குறைத்து, கீழ்க்கிளைகளை வெட்டினால் போதும்.

இதை ஒரு சேலம், நாமக்கல் அடிவாரத் தோட்டத்து வீட்டில் பொருத்திப் பாருங்கள். நம் ஊருக்கே உரிய பொருள்கள் பல இங்கே இருக்கின்றன. சுவரோரம் அடுக்கிய விறகு. அதன் மேல் மழைக்காகப் போட்ட தார்ப்பாய். இறவாரத்தில் செருகிவைத்த தென்னங்கீற்றும் பன்னாடையும். கட்டுத்தரைக்கு அந்தப் பக்கம் சோளத்தட்டுப் போர், பால்மாட்டுக்கு ஓர் ஆண்டுத் தீனி. காட்டுப் பக்கத்து மூலையில் சாளை ஒன்று, பெரும்பாலும் இன்னும் கீற்றுக்கூரையோடு. கிணற்றடியில் தோட்டத்துக் கருவிகள், டீசல் கேன். இவற்றில் வீடு மட்டும்தான் எரியாத பொருள். தட்டுப்போர் பற்றினால் அது புல்தீ மாதிரி ஒரு நிமிடத்தில் போய்விடாது. மணிக்கணக்கில் நின்று எரியும். அதைத்தான் மரச்சட்டமும் ஜன்னல் கண்ணாடியும் தாங்காது. கண்ணாடி விரிசல் விட்டு விழுந்தால் பொறிக்குக் கதவு திறந்துவிட்டது. ஆகவே போரை வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோம், மலைப் பக்கம் வைக்கிறோமா ஊர்ப் பக்கம் வைக்கிறோமா என்பது எந்தத் தீயணைப்பு வண்டியையும்விடப் பெரிய கேள்வி. மழைக்காலத்தில் தீனி எடுக்க வசதியாக வீட்டோடு ஒட்டி வைப்பதை நான் குறை சொல்லவில்லை. தையில் ஒருமுறை அதை நகர்த்திவைக்கும் வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதைவிட வேறு வழி இல்லை என்றும் தெரியும்.

கூரைகளில் தார்சு மிகப் பத்திரம், சருகு சேராதவரை. நாட்டு ஓடு எரியாது. ஆனால் ஓடுகளுக்கு இடையே சந்து உண்டு. அதற்குள் அணில் கூடும் குருவிக் கூடும் பல வருடத் தூசியும் இருக்கும். கங்கு ஒன்று உள்ளே நுழைந்தால் ஓட்டுக்கடியில் உள்ள மூங்கில், பனஞ்சட்டம் வழியாக வீடு உள்ளிருந்து எரியும். வெளியே நின்று ஓட்டின் மேல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. ஓட்டைக் கோடையில் பிரித்து மாற்றுகிற வழக்கம் இருந்த காலத்தில் இந்தக் குப்பை தானாகவே போய்விடும். இப்போது ஓடு மாற்றும் ஆளே கிடைப்பதில்லை.

நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளைத் தனியே சொல்ல வேண்டும். முட்டையூரின் அடிவாரப் பண்ணைகளில் கோடைச் சூட்டைத் தணிக்கக் கொட்டகையின் சீட்டுக்கூரை மேல் தென்னங்கீற்றோ தட்டோ பரப்புவார்கள். பக்கங்களில் சாக்குப் படுதா தொங்கும். கோழிக்கு நல்லது. தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்வரை பொறிக்கும் எதிராக நல்லது. மின்சாரம் போய் மோட்டார் நின்ற மதியத்தில், நனைந்த கூரை வெயிலில் விரைவிலேயே காய்ந்துவிடும். புல்லுக்குச் சொன்ன அதே கதைதான்.

வேலிக்கு வருவோம். தீ ஆய்வுகளில் அடிக்கடி வரும் ஒரு முடிவு, வேலி திரியாகிறது என்பது. காட்டோரம் தொடங்கி வீட்டுச் சுவரில் முடியும் மரவேலி தீயைக் கையைப் பிடித்து அழைத்துவருகிறது. நம் ஊரில் வெட்டிப் போட்ட முள்வேலி அந்த வேலையைச் செய்யும். காய்ந்த வேலமுள் எண்ணெய் ஊற்றியது போல எரியும். கொங்குப் பகுதியின் கிளுவை வேலி வேறு ரகம். கோடையில் இலையில்லாமல் செத்தது போல நின்றாலும் தண்டு சதைப்பற்றாக, நீரோடு இருக்கும். அதற்கடியில் சேரும் சருகை மட்டும் வாரினால் அது தீக்கு எதிரான வேலி. ரயில் கற்றாழையும் கள்ளியும் அப்படியே. கம்பிவேலி வந்து கிளுவையைப் பிடுங்கிய இடங்களில் மாடு நுழையாது, தீ நுழையும்.

காட்டோரத்துப் பனைமரத்தையும் பார்க்க வேண்டும். கழிக்காமல் விட்ட பனையில் காய்ந்த ஓலைகள் தண்டோடு தொங்கும். தரைத்தீ அதைத் தொட்டால் பிழம்பு உச்சிக்கு ஏறி, எரியும் ஓலைத் துண்டுகளைக் காற்றில் வீசும். இடுப்புயரத் தீ மட்டுமே தெரிந்த நம் மலையோரத்தில் மர உயரத் தீ வருகிற வழி இது ஒன்று. பனையேறிகள் குறைந்தது இப்படியும் ஒரு விலை கேட்கிறது. தைலமரம் இன்னொரு வழி. அதன் உரியும் பட்டை பொறியாகப் பறப்பதில் உலகில் பேர்போனது. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவில் 173 பேரைக் கொன்ற தீயில், அப்படிப் பறந்த பட்டைகள் முதன்மைத் தீக்குப் பல கிலோமீட்டர் முன்னால் புதுத் தீக்களை உண்டாக்கின.

இதெல்லாம் ஒரு வீட்டுக்காரர் தன் கையால் செய்யக்கூடியது. சிக்கல், 30 மீட்டர் என்பது பல இடங்களில் அவருடைய கையில் இல்லை என்பது. மலையோர மனைப்பிரிவில் மனைகள் சிறியவை. வீட்டுச் சுவருக்கு அப்பால் மூன்று மீட்டரில் அடுத்தவர் காலிமனை, அதில் ஆளுயரப் புல். அவரோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். இன்னொரு பக்கம் காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி காப்புக்காட்டில் ஒரு கிளையை வெட்டினாலும் குற்றம். அது சரியான சட்டம்தான். எல்லைக்கல்லை ஒட்டி வீடு கட்டிவிட்டுக் காட்டை வெட்டித் தா என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய பதில், உன் பட்டாவுக்குள்ளேயே இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்பது. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே காட்டுப் பக்கம் ஒரு சாலையைப் போடச் செய்தால் பாதி வேலை முடிந்தது. அந்தச் சாலையே தீத்தடுப்புக் கோடு. தீயணைப்பு வண்டி நிற்க இடம். காலிமனைப் புல்லை வெட்டுவது ஊராட்சியின் வேலையாகி, செலவை மனைக்காரரிடம் வசூலித்தால் மீதி முடியும். காட்டோரம் மனைகளும், நடுவில் சாலையும் வைத்து வரையும் இன்றைய வழக்கம் இதற்கு நேர் எதிர். காட்டோர மனைக்குத்தான் விலை அதிகம்.

வனத்துறை தன் பக்கம் செய்வது தீத்தடுப்புக் கோடு. கோடை வருமுன் காட்டுப் பாதைகளின் ஓரமும் எல்லையோரமும் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, வாரிய குப்பையைக் கவனமாக எரித்துவிடுகிறார்கள். மலைக்கிராமத்து ஆட்களைத் தீக்காவலர்களாகப் பருவ வேலைக்கு வைக்கிறார்கள். தீ கண்டால் இவர்களின் முதல் ஆயுதம் பச்சைத் தழை. கொத்தாக ஒடித்த கிளையால் தீயின் ஓரத்தை அடித்துக்கொண்டே பக்கவாட்டில் போவார்கள், நேரெதிரே நிற்க மாட்டார்கள். அது போதாதபோது எதிர்த்தீ: தீ வரும் வழியில், ஒரு பாதையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தாங்களே புல்லைக் கொளுத்தி, வருகிற தீக்குத் தீனி இல்லாமல் செய்வது. இது பட்டறிவு வேண்டிய வேலை. காற்று திரும்பினால் வைத்தவரையே வளைக்கும். தீயணைப்பு நிலையத்து வண்டி சாலையை விட்டு இறங்கிச் சரிவில் ஏற முடியாது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுபோன ஊர் போதமலை. அந்த நாள்களில் அங்கே தண்ணீர் வண்டியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மேலிருந்தும் ஒரு கண் பார்க்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள்களின் வெப்ப உணரிகளைக் கொண்டு தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. இன்று பயன்படும் உணரிகளில் ஒன்று தரையை 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. கட்டத்தின் ஒரு மூலை எரிந்தாலும் சூட்டை உணரும். எச்சரிக்கை வனக்காவலரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. ஆனால் அந்த உணரியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தை மதியம் ஒன்றரை மணி அளவிலும் பின்னிரவு ஒன்றரை மணி அளவிலும்தான் கடக்கின்றன. மூன்று மணிக்கு அடிவாரத்தில் வைத்த தீ ஆறு மணிக்குள் மேட்டை எட்டி அணைந்தும் போகலாம், வானத்துக்குத் தெரியாமலே. எனவே மொட்டைமாடியில் நின்று வேடிக்கை பார்த்தாரே, அவர் செயற்கைக்கோளைவிட நல்ல உணரி. படுக்கப் போகுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் பாக்கி.

காட்டுத்தீயை முற்றிலும் ஒழித்துவிடலாம் என்று நினைத்த காலமும் இருந்தது. 1860-களில் மத்திய இந்தியாவின் போரி காட்டில் ஆங்கிலேய வன அதிகாரிகள் தீயே கூடாது என்று காவல் போட்டுப் பார்த்தார்கள். டீட்ரிக் பிராண்டிஸ் போன்ற வன அறிஞர்கள் அந்தக் கொள்கையை நாடு முழுவதும் கொண்டுபோனார்கள். மலையில் வாழ்ந்தவர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையின் சோளகர் பெரியவர்கள் இன்றும் சொல்வது இது: பருவத்தின் தொடக்கத்திலேயே, தரை ஈரமாக இருக்கும்போது, சருகை மட்டும் எரிக்கும் சின்னத் தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது, இப்போது வரும் தீ அதனால்தான் பெரிதாக எரிகிறது. ஆய்வாளர்கள் இதைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்; முழுதாக ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. உண்ணிப் புதர் ஆளுயரம் வளர்ந்து மரக்கிளையைத் தொடுவதைச் சேர்வராயன் சரிவிலும் பார்க்கலாம். இடுப்புயரத் தீ அதில் ஏறினால் இடுப்புயரமாக இருக்காது. வீட்டைச் சுற்றிய 30 மீட்டரில் முதலில் வெட்ட வேண்டிய செடி எது என்று கேட்டால் என் பதில் உண்ணிதான்.

இன்னொரு பாடம் பாரடைஸிலிருந்து. அங்கே எல்லோரும் வீட்டில் இறக்கவில்லை, சிலர் தப்பிக்கக் கிளம்பிய கார்களில் இறந்தார்கள். ஏற்காட்டுக்கு அடிவாரச் சாலை ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. மே மாதக் கோடை விழா நாளில் இரண்டிலும் வண்டி நகராது. நம் தரைத்தீயைப் பொறுத்தவரை, சுற்றிலும் சுத்தம் செய்த தார்சு வீட்டுக்குள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தீ கடக்கும் அந்தச் சில நிமிடங்களைத் தள்ளுவது புகை சூழ்ந்த கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொள்வதைவிட மேல். கூரை வேய்ந்த குடிலில் தங்கியிருப்பவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். விடுதிக்காரர்கள் ஓட்டு அல்லது தார்சுக் கட்டடம் ஒன்றைப் புகலிடமாகக் குறித்துவைத்து வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். தீ அணைக்கும் சிவப்பு உருளையை வரவேற்பறையில் மாட்டுவதோடு அவர்கள் கடமை முடிந்துவிடுகிறது இப்போது.

வீட்டைச் சுற்றிய இந்தச் சுத்தத்தை எப்போது செய்வது என்பதற்குக் கொங்கு நாட்டு நாட்காட்டியிலேயே ஒரு நாள் இருக்கிறது. போகியன்று வீட்டை ஒழித்து, வெள்ளையடித்து, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து இறவாரத்திலும் கட்டுத்தரையிலும் தோட்டத்திலும் காப்புக் கட்டுகிறோம். மழை முடிந்து தீக்காலம் தொடங்கும் சரியான இடைவெளி அது. கூரையிலிருந்து சருகைத் தள்ள, விறகைச் சுவரிலிருந்து நகர்த்த, போரை இடம் மாற்ற அதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனால் அந்த ஒருநாள் போதாது. அடிவாரத்து மரங்கள் இலையுதிர்ப்பது பெரும்பாலும் பொங்கலுக்குப் பிறகு, தை மாசியில். தையில் துடைத்த கூரையில் பங்குனிக்குள் மறுபடி சருகு நிற்கும். காப்புக் கட்டிய கொத்தும் அதற்குள் காய்ந்து சருகாகி இறவாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பங்குனி முதல் வாரம் இரண்டாவது தடவை ஏணியைச் சாத்தும்போது அதையும் சேர்த்து இறக்கிவிடலாம்.